கடுகண்ணாவை ஏற்றமும் பெற்றோலின் தரமும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு மோட்டாரில் வருவோர் கடுகண்ணாவை ஏற்றத்தை நன்கறிவர். சமவெளியில் அமைதியாக ஓடிய வண்டி, இங்கே 'டக் டக்' என்று தட்டத் தொடங்குவதுண்டு. காரணம் யாது?

எஞ்சினில் பெற்றோல் ஆவியும் காற்றும் அழுத்தப்பட்ட பின்னர், மின்பொறி பட்டு ஒழுங்காக எரிதல் வேண்டும். ஏற்றத்தில் சுமை மிகும்போது அழுத்தமும் வெப்பமும் உயர்கின்றன. பெற்றோல் தரங்குறைந்ததாயின், தீ பரவி வருமுன்பே எஞ்சிய கலவை தானாக வெடித்துவிடும். அதுவே அந்தத் தட்டல். அதனால் வலு குன்றும். நாளடைவில் பிஸ்டனும் பழுதாகும்.

இவ்வாறு வெடிக்காது தாங்கும் ஆற்றலையே ஒக்டேன் எண் குறிக்கிறது. இலங்கையில் 92, 95 என்னும் வகைகள் விற்பனையாகின்றன. 95இல் வலு அதிகம் என்று பலர் எண்ணுவது தவறு. 92க்கென அமைந்த எஞ்சினில் அதனை ஊற்றினால் கூடுதல் தூரம் ஓடிவிடாது, பணமே கரையும். 95 வேண்டும் வண்டிக்கு 92 ஊற்றுவதும் சிக்கனமன்று. மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலோ பெருங்கேடு. அதன் ஒக்டேன் மிகத் தாழ்ந்துவிடும்.

ஆகவே, வண்டியின் கைந்நூல் கூறும் வகையையே ஊற்றுங்கள். ஏற்றத்தில் தட்டல் கேட்டால் தாழ்ந்த கியருக்கு மாறுங்கள். 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாம், ஒரு துளியையேனும் வீணாக்கலாமா?