வால்வு விரியலாக்கியின் தொனிப் பண்பு

திரான்சிற்றர் தோன்றி வால்வைப் பெரும்பாலான கருவிகளினின்றும் அகற்றிவிட்ட பின்னரும், இசை கேட்போருள் ஒரு சாரார் பெரும்பொருள் செலவிட்டு வால்வு விரியலாக்கிகளையே நாடுகின்றனர். அவற்றின் ஒலி இனிமையும் செறிவும் உடையது என்பது அவர்தம் துணிபு. மற்றொரு சாரார் அதனை வெறும் மயக்கமென எள்ளுவர். கேட்கப்படும் வேறுபாடு மெய்யே. ஆயினும் அது கண்ணாடிக் குழலுக்கு மட்டுமே உரிய குணமன்று என்பதை இங்கு ஆராய்வோம்.

மூன்று மின்வாய்களையுடைய மூவாய் வால்வின் அமைப்பு எளியது. வெற்றிடக் குழலினுள் சூடேறிய கதோட்டிலிருந்து இலத்திரன்கள் அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையே நெய்யரி எனும் கம்பி வலையை 1906 இல் அமெரிக்கரான லீ டி பொறஸ்ற் அமைத்தார். நெய்யரியின் அழுத்தத்தைச் சிறிதே மாற்றினும் மின்னோட்டம் பெரிதும் மாறும். ஆனால் அவ்விரண்டின் தொடர்பையும் வரைந்தாற் கிடைப்பது நேர்கோடன்று. சற்றே வளைந்த வளையி. ஆதலின் அலையின் ஒரு பாதி பருத்தும் மறுபாதி மெலிந்தும் வெளிவரும். செக்கனுக்கு 250 அதிர்வுடைய சுரம் உட்சென்றால், அதனோடு 500 அதிர்வுடைய புதிய சுரமொன்றும் மெல்லெனப் பிறக்கும்.

இவ்விரண்டாம் அனுசுரம் இசையறிந்தோர்க்குப் புதியதன்று. அது மேல் ஸ்தாயி ஷட்ஜமே. மூன்றாவது, மேல் ஸ்தாயிப் பஞ்சமம். ஐந்தாவது, தம்புராவின் மந்தரத் தந்தியில் மீட்டாமலே ஒலிக்கும் அந்தர காந்தாரம். ஏழாவதோ நம் சுரத்தானங்கள் எதனோடும் இசைந்து நில்லாதது. மூவாய் வால்வு மிகுதியும் பிறப்பிப்பது இரண்டாவதையே. ஆகவே செவி அதனைப் பிழையென உணராது, குரல் செழித்ததெனவே கொள்கின்றது. எனினும் பல கருவிகள் ஒருங்கே முழங்குங்கால், அதே வளைவு சுரங்களின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும், இசையமைத்தோர் எண்ணாத ஒலிகளை விளைவிக்கும். தனிக்குரலை அழகுறத் தரும் கருவி பெரிய பல்லியத்தில் குழம்புவது இதனாலேயே. விற்போர் இதனைச் சொல்வதில்லை. குழலின் செந்தழலையே காட்டுவர்.

வெஸ்ரேண் இலெக்ரிக் நிறுவனம் 1938 இல் வெளியிட்ட 300பி வால்வு இவ்வினிமைக்குப் பேர்போனது. தனித்து இயங்குகையில் அது தருவது ஏறத்தாழ 8 உவாற்றே. ஆனால் வால்வுக்கு ஒரே ஒலிதான் உண்டென்பார் வில்லியம்சனை மறந்தவராவர். இங்கிலாந்தில் அவர் 1947 இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் வெளியிட்ட சுற்றும் வால்வுகளால் ஆயதே. அதன் இறுதிக்கட்டத்தில் இரு வால்வுகள் எதிரெதிராக இயங்க, ஒன்றின் வளைவை மற்றையது ஈடுசெய்து, இரண்டாம் அனுசுரம் பெரும்பாலும் அழிந்தது. எஞ்சிய திரிபை, வெளியீட்டின் ஒரு கூறை உள்ளீட்டோடு எதிராகச் சேர்க்கும் பின்னூட்டலால் அவர் ஒடுக்கினார். 15 உவாற்றிலும் திரிபு 0.1 சதவீதத்திற் குறைவு. இக்கருவியில் மேற்கூறிய செழிப்பைத் தேடுவது வீண்.

இன்னொரு காரணம் பலராலும் கவனிக்கப்படாதது. ஒலிபெருக்கியின் தடங்கல் எல்லாச் சுரத்துக்கும் ஒன்றன்று. 8 ஓம் எனக் குறிக்கப்பட்டது ஓரிடத்தில் 6 ஓமாகவும், தாழ்ந்த சுரமொன்றில் 30 ஓமாகவும் இருக்கலாம். பின்னூட்டலற்ற மூவாய் விரியலாக்கியின் வெளியீட்டுத் தடங்கலை 2 ஓம் எனக் கொள்வோம். முன்னையதில் அழுத்தத்தின் நாலில் மூன்று பங்கும், பின்னையதில் பதினாறில் பதினைந்து பங்கும் ஒலிபெருக்கியை அடையும். வேறுபாடு ஏறக்குறைய 2 டெசிபெல். செவிக்குத் தெளிவாகப் புலப்படுவது. வெளியீட்டுத் தடங்கல் 0.1 ஓம் ஆயின் இவ்வேறுபாடு 0.1 டெசிபெல் அளவே. ஆகவே ‘செறிந்த கீழ்ச்சுரம்’ என்று புகழப்படுவதில் ஒரு பகுதி ஒலிபெருக்கிக்கு உரியது. அதனை மாற்றினால் விரியலாக்கியின் குணமும் மாறும்.

இதனை 1985 இல் அமெரிக்கப் பொறியியலாளர் பொப் காவர் செய்து காட்டினார். விலையுயர்ந்த வால்வு விரியலாக்கி ஒன்றின் ஒலியைத் தமது மலிவான திரான்சிற்றர் கருவியில் அமைத்துத் தருவதாக ‘ஸ்ரீரியோபைல்’ சஞ்சிகையாரிடம் அவர் கூறினார். இரண்டின் வெளியீடுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எஞ்சுவது தேயுமளவும் தம் சுற்றைத் திருத்தினார். பின்னர் அச்சஞ்சிகையார் தாம் நன்கு பழகிய இசைத்தட்டுகளை இரண்டிலும் மாறிமாறிக் கேட்டனர். எது வால்வு, எது திரான்சிற்றர் எனப் பிரித்தறிய அவர்களால் இயலவில்லை.