உங்களுக்குத் தெரியுமா? ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் ஆகாது

செட்டிநாட்டு வீட்டுத் திண்ணைகளில் மின்னும் ஆத்தங்குடிக் கற்கள் சூளையில் சுட்டவை அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்தவை. குளியலறை ஆசிட்டை ஊற்றினால் நுரைக்கும். அழுக்கு போகிறது என்று மகிழ வேண்டாம். கரைவது சிமெண்டின் சுண்ணாம்புச் சத்து. எலுமிச்சையும் வினிகரும் ‘இயற்கை’ என்பார்கள். இயற்கையானாலும் அமிலம்தானே! வண்ணப் படலம் சில மில்லிமீட்டர்தான் என்பதால் கம்பி நாரும் கூடாது.

மண்ணைப் பெருக்கியபின் மிதமான சோப்பு நீரில் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசினால் போதும். புதுச் சோப்பென்றால் முதலில் ஒரு மூலையில் சோதியுங்கள். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணி போதும். வாசற்படியில் மட்டும் வேண்டாம், வழுக்கும்.