மக்களாட்சியின் தற்காப்பு: ஜெர்மானியர் கண்ட வழி

மக்கள் வாக்களித்து வளர்த்த கட்சியைத் தடைசெய்தல் மக்களாட்சிக்கு முரணன்றோ என்னும் வினா மாணவர் மனத்தில் எழுவது இயல்பே. இதற்கு ஜெர்மானியர் பட்டறிவால் விடை தேடினர். 1932 ஜூலைத் தேர்தலில் நாஜிக் கட்சி ஏறத்தாழ 37 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சித் தலைவரானார்; மார்ச்சில் அச்சுறுத்தலுக்கிடையே கூடிய நாடாளுமன்றம் சட்டமியற்றும் அதிகாரத்தை அவரது அரசிடம் ஒப்படைத்தது; ஜூலையில் வேறு கட்சியே இருத்தலாகாது என்று சட்டம் வந்தது. ஏறிவந்த ஏணியையே எரித்த கதை அது!

ஆகவே, 1949ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், தன் 21ஆம் பிரிவில், சுதந்திர மக்களாட்சி ஒழுங்கைக் குலைக்க முனையும் கட்சி அரசமைப்புக்கு முரணானது என்று விதித்தது. அங்ஙனமாயின், ஆளுங்கட்சி தன் எதிரியைத் தடைசெய்துவிடலாமே எனின், இயலாது. அரசோ நாடாளுமன்றத்தின் ஈரவைகளுள் ஒன்றோ விண்ணப்பிக்கலாம். தீர்ப்பது கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள அரசமைப்பு நீதிமன்றம் மட்டுமே. நீதிபதிகள் எண்மருள் அறுவரேனும் இசைந்தாலன்றித் தடை இல்லை.

1952இல் நாஜிகளின் வழித்தோன்றலான சோஷலிச ரெய்க் கட்சி தடைசெய்யப்பெற்றது. 1956இல் பொதுவுடைமைக் கட்சிக்கும் அக்கதியே நேர்ந்தது. ஹிட்லரின் சிறைகளில் வாடியோர் பலரைக் கொண்ட அக்கட்சி, 1953 தேர்தலில் பெற்றது 2.2 விழுக்காடே. வெற்றிவாய்ப்பு இல்லாவிடினும் தடைசெய்யலாம் என்றது அத்தீர்ப்பு. பனிப்போரின் அச்சம் அதில் கலந்திருந்தது என்பதே என் கருத்து. 1968இல் பொதுவுடைமையர் வேறு பெயரில் கட்சி தொடங்கியபோது அரசு தடுக்கவில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

இம்முறையின் உண்மையான சோதனை பின்னரே வந்தது. தேசிய ஜனநாயகக் கட்சி என்னும் தீவிர வலதுசாரிக் கட்சியைத் தடைசெய்ய 2001இல் அரசும் ஈரவைகளும் விண்ணப்பித்தன. அக்கட்சியின் தலைமைக் குழுக்களிலேயே உளவுத்துறைக்குத் தகவல் தருவோர் அமர்ந்திருந்தமை வெளிப்பட்டது! கட்சியின் குரல் எது, அரசின் குரல் எது என்று எங்ஙனம் பிரித்தறிவது? நீதிபதிகள் மூவர் இக்குறையைப் பொறுக்க மறுத்தனர். வழக்கைத் தொடர வேண்டிய பெரும்பான்மை கிட்டாமையால் 2003இல் அது கைவிடப்பட்டது.

மீண்டும் வந்த வழக்கில், 2017 ஜனவரியில் நீதிமன்றம் 1956ஆம் ஆண்டின் அளவுகோலையே மாற்றியது. கட்சியின் நோக்கம் அரசமைப்புக்குப் பகையே. ஆயினும் அதனை நிறைவேற்றும் வலிமைக்குச் சான்றில்லை. எனவே தடையில்லை என்றது. அவ்வாண்டே அரசமைப்பு திருத்தப்பெற்று, இத்தகைய கட்சிகளுக்கு அரசு நிதியை மறுக்க வழி பிறந்தது. 'தாயகம்' எனப் பெயர் மாற்றிக்கொண்ட அக்கட்சிக்கு 2024 ஜனவரியில் ஆறாண்டுகளுக்கு அந்நிதி மறுக்கப்பட்டது. தேர்தலில் நிற்கும் உரிமை மட்டும் அதனிடமே இருந்தது.