நுண்கருவில் நுழையும் வழுக்கள்

வழு என்னும் சொல் தமிழிலக்கணம் பயின்றோர்க்குப் புதியதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களை நன்னூலார் வகுத்துரைத்தார். கணிப்பொறித் துறையினரும் தம் செயல்நிரலில் நேரும் பிழையைக் குறிக்க இச்சொல்லையே எடுத்தாண்டனர். பிழையைத் தேடிக் களைதல் 'வழுநீக்கல்' ஆயிற்று. ஆயினும் இவ்விரு வழுக்களுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. இலக்கண வழு ஏட்டில் நின்ற இடத்திலேயே நிற்கும். நூறு முறை படிப்பினும் அது அங்கேயே இருக்கும். கணிப்பொறி வழுக்களுள் ஒரு சாரார் அத்தகையர் அல்லர். ஒரு நாள் தோன்றுவர். தேடிச் சென்றால் ஒளிந்துகொள்வர். தேடியவர் அயர்ந்த வேளையில் மீண்டும் வருவர். இழைகளிலும் நினைவகத்திலும் நேரும் வழுக்களே இவை. இவற்றைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராய முற்படுகிறோம்.

இவ்வாராய்ச்சி நமக்கு எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். திருச்செந்தூரிலிருந்து கடலை இடப்புறம் வைத்துத் தெற்கே சென்றால் குலசேகரன்பட்டினம் வருகிறது. அங்கே நாட்டின் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. சிறு செயற்கைக்கோள்களைச் சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ஏவூர்திகள், இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்காமல், நேரே தெற்கு நோக்கிச் செல்ல வாய்ப்பான இடம் அது. ஏவூர்தியை வழிநடத்துவது அதனுள் இருக்கும் கணிப்பொறி. முத்துக்குப் பெயர்பெற்ற நம் கடற்கரையின் பிள்ளைகள் நாளை அக்கணிப்பொறிகளுக்கு நிரல் எழுதப் போகிறவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாது நகரில் கணக்கியல் கற்பித்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரே 'அல்காரிதம்' என்று உலக மொழிகளில் வழங்குவதை நம் மேடைகளில் பெருமையுடன் சொல்கிறோம். பெருமை பேசுவதோடு நில்லாமல், அவர் பெயர் தாங்கிய துறையின் கடினமான பகுதிக்குள்ளும் சற்றே நுழைந்து பார்ப்பது தகும்.

கருவும் நுண்கருவும்

கணிப்பொறியின் செயலி, நினைவகம், கருவிகள் ஆகியவற்றை எல்லா நிரல்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் தலைமை நிரலே இயக்க முறைமை. அதன் உள்ளீடான பகுதி 'கரு' எனப்படும். பழைய முறையில் கோப்புகளைக் காப்பது, வலையமைப்பை நடத்துவது, கருவிகளை இயக்குவது ஆகிய அனைத்தும் ஒரே கருவுக்குள் அடங்கியிருந்தன. இது கதவே இல்லாத கூட்டுக்குடும்ப வீடு போன்றது. ஒருவர் கைத்தவறுதலாக விளக்கைச் சாய்த்தால் வீடு முழுவதும் எரியும்.

நுண்கரு முறையோ வேறு. இன்றியமையாத மூன்று நான்கு பணிகளை மட்டும் கரு வைத்துக்கொள்ளும். ஏனையவை தனித்தனிப் பணியாளர்களாக, தத்தம் அறையைத் தாளிட்டுக்கொண்டு வாழும். ஒருவருக்கொருவர் சன்னல் வழியே செய்தி அனுப்பிக்கொள்ளும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1985ஆம் ஆண்டளவில் ரிச்சர்டு ரஷீது தலைமையில் உருவான 'மாக்' இவ்வகையில் புகழ்பெற்றது. ஹாலந்து நாட்டில் டானன்பாம் என்னும் பேராசிரியர் மாணவர்க்குப் பாடம் நடத்த 1987இல் 'மினிக்ஸ்' என்னும் முறைமையை வெளியிட்டார். 2005இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில், இறந்துபட்ட பணியாளரை மீண்டும் எழுப்பி வேலையில் அமர்த்தும் ஒரு பணியாளரும் உண்டு. அதற்கு அவர்கள் 'மறுபிறவிப் பணியாளர்' என்னும் பொருள்படப் பெயர் வைத்தனர். பெயரில் நமக்கு உடன்பாடில்லை, வேலையில் உண்டு.

இழைகள்

ஒரு நிரலுக்குள் ஒரே காலத்தில் நடைபெறும் பல வேலைத்தொடர்களை 'இழை' என்கிறோம். முத்துக்குளித்தலைக் கண்முன் நிறுத்தினால் இது எளிதில் விளங்கும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதனைக் கண்ட முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அக்காலத் தோணியில் இருவருக்கு ஒரு கல் என்பது வழக்கம். ஒருவர் கல்லின் துணையால் பாருக்கு இறங்குவார். மற்றவர் மேலே இளைப்பாறுவார். கல் ஒன்று, ஆள் இருவர், முறை மாற்றி முறை. செயலி என்னும் கல்லை இழைகள் பகிர்ந்துகொள்வதும் இவ்வாறே. ஆனால் தோணியில் முறையை மனிதர் மாற்றினர். இங்கே கரு மாற்றுகிறது. எந்த நொடியில் மாற்றும் என்பது இழைக்குத் தெரியாது. வழு பிறப்பது அங்கேதான்.

ஒரு நிதி வசூலை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் இருப்பு 500 ரூபாய். ஒருவர் 100 ரூபாயும் மற்றொருவர் 200 ரூபாயும் கொண்டுவருகின்றனர். முன்னவர் 500 என்று பார்த்துக்கொண்டு கூட்டத் தொடங்குகிறார். அவர் எழுதுமுன் பின்னவரும் 500 என்றே பார்த்துக்கொள்கிறார். முன்னவர் 600 என்று எழுதுகிறார். பின்னவர் அதனை அடித்து 700 என்று எழுதுகிறார். பெட்டியில் 800 இருக்க, ஏட்டில் 700. இருவரும் நேர்மையானவர், இருவர் கணக்கும் சரி. வந்த நேரம் மட்டுமே பிசகியது. இதனை 'முந்துரிமைப் போட்டி' எனலாம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் சங்கதி அன்று. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்னும் புற்றுநோய்க் கதிர்மருத்துவக் கருவியில் இத்தகைய வழு இருந்தது. இயக்குபவர் ஆணைகளை விரைவாகத் திருத்தித் தட்டச்சு செய்தபோது மட்டும் அது வெளிப்பட்டது. மெதுவாகத் தட்டியவர்க்கு ஒன்றும் நேரவில்லை. அவ்வாண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்கருவியின் நிரல் வழுக்களால் நோயாளர் அறுவர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். சிலர் உயிர் துறந்தனர். 2003 ஆகஸ்டு 14 அன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் இருளில் மூழ்கினர். மின்கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்காமற்போனது அதற்கொரு காரணம். மணி அடிக்காமைக்குக் காரணம் அந்நிரலில் இருந்த இத்தகைய போட்டியே.

இதற்கு மாற்று, பூட்டு. பதிவேட்டை அறைக்குள் வைத்து, ஒரே சாவி கொடுத்துவிட்டால் இருவர் ஒருங்கே எழுத இயலாது. ஆனால் பூட்டு தன் பங்குக்கு வேறு வழுக்களைக் கொண்டுவரும். முதலாமவர் பதிவேட்டறைச் சாவியை வைத்துக்கொண்டு பெட்டிச் சாவிக்குக் காத்திருக்க, இரண்டாமவர் பெட்டிச் சாவியை வைத்துக்கொண்டு பதிவேட்டறைச் சாவிக்குக் காத்திருந்தால் இருவரும் மறுமை நாள் வரை காத்திருக்க வேண்டியதுதான். நுண்கருவில் இந்த முட்டுக்கட்டை செய்தி வடிவில் வரும்: கோப்புப் பணியாளர் நினைவகப் பணியாளருக்குச் செய்தி அனுப்பி விடைக்குக் காத்திருக்க, அதே வேளையில் அவர் இவருக்குச் செய்தி அனுப்பிக் காத்திருப்பார். யார் யாருக்கு முதலில் செய்தி அனுப்பலாம் என்று மேல் கீழ் வரிசை வகுத்து, எவரும் அவ்வரிசையை மீறாதிருப்பதே இதற்குத் தீர்வு.

செவ்வாயில் ஒரு சிக்கல்

1997 ஜூலை 4இல் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி தானாகவே மீளத் தொடங்கலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. அதில் இருந்தது விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் முறைமை. அதன் மையத்தை அந்நிறுவனத்தார் நுண்கரு என்றே அழைத்தனர். ஆயினும் அறைகளுக்கிடையே சுவர் இல்லாத நுண்கரு அது.

நிகழ்ந்தது யாது? வானிலைத் தரவு திரட்டும் இழைக்கு முன்னுரிமை மிகக் குறைவு. தகவல் பாதையைக் கையாளும் இழைக்கு முன்னுரிமை மிகுதி. இரண்டுக்கும் பொதுவாய் ஒரு பூட்டு. வானிலை இழை சாவியை வைத்திருந்த சிறுபொழுதில் உயர்ந்த இழை வந்து காத்து நின்றது. அதுவரை குற்றமில்லை, கடைநிலை எழுத்தர் கையிலுள்ள பதிவேட்டிற்காக மேலதிகாரி ஒரு நிமிடம் நிற்பது உலக வழக்கே. ஆனால் அந்நேரத்தில் நடுத்தர முன்னுரிமையுள்ள இழைகள் புகுந்தன. அவை எழுத்தரைவிட உயர்ந்தவை ஆதலின் எழுத்தரைத் தள்ளிவிட்டுத் தம் வேலையைச் செய்தன. எழுத்தர் முடிக்காமல் அதிகாரிக்குப் பதிவேடு கிட்டாது. ஆக, நடுத்தரத்தார் அதிகாரியையே காக்கவைத்தனர். காலக்கெடு தவறியதைக் கண்ட கண்காணிப்பு இழை, ஏதோ பெரும்பழுது என்று கருதிக் கணிப்பொறியை மீளத் தொடங்கச் செய்தது. இதற்கு 'முன்னுரிமைத் தலைகீழ்' என்பது பெயர்.

இதன் மருந்து ஏழாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1990இல் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவர், சாவி வைத்திருக்கும் இழை தனக்காகக் காத்திருப்போருள் உயர்ந்தவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறவேண்டும் என்று நெறி வகுத்து, அதன் இயல்புகளைக் கணித முறையில் நிறுவினர். இம்மூவருள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1984இல் பொறியியல் பட்டம் பெற்று, மாக் பிறந்த அதே கார்னெகி மெலனுக்குச் சென்றவர். அங்கு மாக் நுண்கருவைக் காலக்கெடு தவறாத பணிகளுக்கேற்பத் திருத்திய ஆய்வுகளிலும் அவருக்குப் பங்குண்டு. செவ்வாயில் நின்ற கலத்தின் நோய்க்கு மருந்து கண்டவர்களில் ஒருவர் நம் நாட்டுப் பட்டதாரி என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

வழுவை எங்ஙனம் கண்டனர் என்பதே பெரிதும் கருதத்தக்கது. கலத்தின் இரட்டையான கணிப்பொறி பூமியில் இருந்தது. அதில் எந்த இழை எப்போது ஓடியது, எப்போது பூட்டுக்குக் காத்தது என்று பதிவுசெய்யும் வசதியை இயக்கி, மீளத் தொடங்கும் நிகழ்ச்சி மறுபடி நேரும்வரை பொறியாளர்கள் காத்திருந்தனர். நேர்ந்தது; பதிவேட்டில் வரிசை தெளிவாய்த் தெரிந்தது. முன்னுரிமை பெறும் வசதி விஎக்ஸ்வொர்க்ஸில் முன்னமே இருந்தது. அந்தப் பூட்டுக்கு அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இயக்குமாறு ஆணையைச் செவ்வாய்க்கு அனுப்பினர், சிக்கல் தீர்ந்தது. இவ்வழு புறப்படுமுன் சோதனையிலும் ஓரிரு முறை தலைகாட்டியிருந்ததாம். மீண்டும் வரவழைக்க இயலாமையால் விட்டுவிட்டனர். ஒருமுறை வந்து மறைந்த வழுவைப் போய்விட்டது என்று கொள்வது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் அறியோம்.

நினைவகத்தில் நேர்வன

நம் ஊர்த் திருமண விருந்துகளுக்கு உரிய தேக்சாக்களும் சஹன்களும் ஜமாஅத்தின் பொறுப்பில் இருந்து இரவலாகப் போய்வருவதை எண்ணிப்பார்க்க. நினைவகமும் அவ்வாறே இரவல் பொருள். வாங்கிய வீட்டார் திருப்பித் தராவிடில் கிடங்கு நாளடைவில் வெறுமையாகும். நினைவகக் கசிவு என்பது இதுவே. பல நாள் ஓடியபின் முறைமை தளர்ந்து விழும். இதனினும் கொடியது மற்றொன்று. ஒரு வீட்டார் தேக்சாவைத் திருப்பிவிட்டனர். அது வேறு வீட்டுக்குப் போய்விட்டது. முன்னவர் பழைய நினைவில் அதிலேயே உப்பைக் கொட்டுகின்றனர். கெடுவது பின்னவர் சோறு. பழியும் பின்னவர் மீதே விழும். விடுவித்த நினைவகத்தைப் பயன்படுத்தும் இவ்வழுவில், பிழை செய்த இடமும் பழுது தெரியும் இடமும் வெகு தூரத்தில் இருக்கும். ஒரே தேக்சாவைத் திருப்பியதாக ஏட்டில் இருமுறை எழுதினால், இல்லாத தேக்சா ஒன்று கணக்கில் சேர்ந்து, ஒரே பாத்திரம் இரு வீட்டாருக்குக் கொடுக்கப்படும்.

இவற்றைப் பிடிக்கப் பொறியாளர் செய்யும் உபாயங்கள் சுவையானவை. திருப்பப்பட்ட நினைவகத்தில் எளிதில் அடையாளம் காணத்தக்க ஓர் எண்ணை நிரப்பி வைப்பர். பின்னர் எங்கேனும் அவ்வெண் தலைகாட்டினால் இறந்த நினைவகத்தை எவரோ தொட்டார் என்பது தெளிவு. கொடுக்கும் ஒவ்வொரு துண்டின் இரு மருங்கிலும் எவரும் தொடக்கூடாத வெற்றுப் பக்கங்களை வைப்பர். எல்லை மீறிய அக்கணமே செயலி கூச்சலிடும். நுண்கருவில் பணியாளர்கள் தனித்தனி அறையில் இருப்பதால் பாதிக் கவலை குறைகிறது. ஆனால் கருவுக்குள்ளேயே வழு இருந்தால் திரையில் ஒரு வரி அச்சிடவும் வழியில்லை. திரையை இயக்குபவரும் ஒரு பணியாளர் அன்றோ! ஆகவே ஒரு தொடர்முனைக் கம்பி வழியே எழுத்தெழுத்தாகச் செய்தியை வெளியேற்றுவர். அவ்வாறு அச்சிடுவதே கால ஒழுங்கை மாற்றிவிட, இழைவழு மறைந்துவிடுவதும் உண்டு. அதனால் நினைவகத்தின் ஓரத்தில் வட்டமாய்ச் சுழலும் சிறு பதிவேட்டில் சுருக்கமாக எழுதிவைத்து, விழுந்தபின் எடுத்துப் படிப்பதே கைகண்ட முறை.

தேடிப் பிடிப்பதை விடுத்து, வழு இல்லை என்று கணித முறையில் நிறுவிவிடலாகாதா? ஆஸ்திரேலியாவில் 2009இல் அதனைச் செய்தனர். செல்4 என்னும் நுண்கருவின் ஏறத்தாழ 8,700 வரிகள் அதன் வரையறைக்கு முற்றும் ஒத்து நடக்கும் என்பதை நிறுவினர். அதற்குமுன் சோதனையில் அகப்பட்டவை 16 வழுக்கள். நிறுவும்போது வெளிப்பட்டவை மேலும் 144. வன்பொருள் சரியாக இயங்கும் என்பது அந்நிறுவலின் அடிப்படை. வரையறையே தவறாயின் நிறுவல் காப்பாற்றாது. 2022 ஆகஸ்டு 7இல் எஸ்.எஸ்.எல்.வி.யின் முதற்பயணம் பிழைத்தது இழைவழுவால் அன்று. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த சிறிதுநேர அதிர்வைக் கண்ட நிரல், உணரிகள் பழுதாயின என்று தீர்ப்பளித்தது. எழுதியபடியே நடந்தது; எழுதப்பட்டது போதாதிருந்தது. 2023 பிப்ரவரி 10இல் இரண்டாம் பயணம் வெற்றி பெற்றது.

மினிக்ஸ், செல்4 இரண்டின் மூல நிரலும் எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்கவை. சாதாரணக் கணிப்பொறியில் மாதிரி இயந்திரம் ஒன்றை அமைத்து அதனுள் ஓட்டினால் எதற்கும் கேடில்லை. அத்துணை தூரம் செல்லுமுன், மாணவர்கள் ஆய்வகத்தில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே எண்ணோடு ஒவ்வோர் இழையும் ஓர் இலட்சம் முறை ஒன்றைக் கூட்டுமாறு, பூட்டின்றி இரண்டு இழைகளை எழுதுக. விடை இரண்டு இலட்சம் வரவேண்டும். பத்து முறை ஓட்டி, வந்த பத்து விடைகளையும் வரிசையாக எழுதிவைத்துப் பார்க்க.