ஆண்மை ஊசியும் அடைபடும் நாளமும்

ஆண்களுக்குப் பெண்களைவிடச் சுமார் பத்தாண்டுகள் முன்னதாகவே மாரடைப்பு வருகிறது. பழி டெஸ்டோஸ்டிரோன் மீது விழுந்தது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், மாரடைப்பு கண்ட ஆண்களுக்குப் பெண் ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் ரத்தக்கட்டும் கூடியதால் அதைக் கைவிட நேர்ந்தது.

2023-இல் வெளியான 'டிராவர்ஸ்' ஆய்வு, இந்த ஹார்மோன் குறைந்த, இதயநோய் ஆபத்துள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்தது. மருத்துவக் கண்காணிப்பில் தரப்பட்ட டெஸ்டோஸ்டிரோன் மாரடைப்பைக் கூட்டவில்லை. எனினும் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்று அதிகரித்தன.

குறையை நிரப்புவது வேறு. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுவது வேறு. குத்துச்சண்டைக்குப் பேர்போன வடசென்னையின் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: உடற்கட்டுக்காக மருத்துவச் சீட்டின்றிப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி நல்ல கொழுப்பைக் குறைக்கும், ரத்தத்தைக் கெட்டியாக்கும், இதயத் தசையைத் தடிக்கச் செய்யும்.

துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் இரவுப்பணி பார்த்துச் சோர்ந்த நடுவயதினரும் 'ஆண்மைக் குறைவு' விளம்பரங்களை நம்ப வேண்டாம். தொப்பையும் நீரிழிவுமே பலருக்கு இந்த ஹார்மோனைக் குறைக்கின்றன. எடை இறங்கினால் அது தானே ஏறும். ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்வதும் புகையை விடுவதுமே முதல் மருந்து.