சோளகத்தின் கடைசி வாரம்

ஐம்பத்தெட்டு வயதில் ஒருவன் பட்டம் விடப் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். அந்தப் பட்டத்தின் நூலைத் தன் இடுப்பில் பூட்டிக்கொண்டு, காலில் ஒரு பலகையையும் மாட்டிக்கொண்டு, கடலில் இறங்கப் போகிறேன் என்றால் சிரிப்பு நின்றுவிடும். என் மனைவி சிரிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. "கண்ணாடியைக் கழற்றி வைச்சிட்டு இறங்குங்கோ" என்றாள். அவ்வளவுதான்.

இந்த எண்ணத்தை என்னுள் விதைத்தவன் கனடாவிலிருந்து வந்திருந்த என் தமக்கையின் மகன். அந்நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள பனிமலைகளில் ஒரு விளையாட்டு உண்டு. ஹெலிகொப்டரில் ஏறிப் பாதையில்லாத சிகரமொன்றில் இறங்குவது. ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் பிணைத்துக்கொண்டு, எவர் தடமும் படாத பனியின்மேல் சறுக்கிக் கீழே வருவது. ஒஸ்திரியாவில் பிறந்த ஹான்ஸ் க்மோசர் என்ற மலை வழிகாட்டி 1965ஆம் ஆண்டில் புகபூ மலைகளில் இதனை ஒரு தொழிலாகவே தொடங்கிவைத்தார். அவர் காலத்தில் சறுக்கியவர்கள் காலுக்கொன்றாக இரட்டைக் கட்டைகளை அணிந்திருந்தார்கள். ஒற்றைப் பலகை பிற்பாடு வந்தது. என் மருமகன் ஓராண்டுச் சேமிப்பைச் செலவழித்து மூன்று நாட்களுக்கு அங்கே போயிருக்கிறான். இரண்டு நாள் மேகம் மூடி ஹெலிகொப்டர் எழும்பவேயில்லை. மூன்றாம் நாள் நான்கு முறை சறுக்கினான். "அந்த நாலு தரத்துக்காக இன்னொரு வருசம் உழைக்கலாம், மாமா" என்று அவன் சொன்னபோது, அவனுடைய புத்தியில் எனக்கு ஐயம் ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

பனிக்கு நாம் எங்கே போவது? ஆனால், காற்று உண்டு. அதுவும் மன்னாரில் உள்ள காற்று எளிதில் வேறெங்கும் வாய்க்காது. தமிழகத்தின் தென்கோடி மலைகளுக்கும் இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கும் இடையே மன்னார் வளைகுடா ஒரு பெரிய வாய்க்கால்போலக் கிடக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, யாழ்ப்பாணத்தில் நாங்கள் சோளகம் என்று சொல்வது, இரு புறத்து மலைகளாலும் நெருக்கப்பட்டு அந்த இடைவெளியில் வேகங்கொண்டு பாய்கிறது. அதன் வழியில் குறுக்கே நீட்டிப் படுத்திருக்கிறது மன்னார்த் தீவு. ஆகவே தீவின் தென்கரையில் அலை குமுறிக்கொண்டிருக்கும் அதே வேளையில், சில மைல் தள்ளி வடகரையில் நீர் குளம்போல விரிந்து கிடக்கும். காற்று மட்டும் இரு கரைக்கும் பொது. இப்படிப்பட்ட காற்றையும் தட்டை நீரையும் தேடி ஐரோப்பியர்கள் கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் வருகிறார்கள். அவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. பட்டச் சறுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

பட்டத்தை இழுவை மாடாக்கும் யோசனை முதலில் ஒரு பள்ளி ஆசிரியரின் தலையில் உதித்தது என்பதை இப்பகுதியைப் படிக்கும் ஆசிரிய அன்பர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஜோர்ஜ் போகொக் 1826இல் பட்டம் இழுக்கும் வண்டியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னரே தம் மகள் மார்த்தாவை நாற்காலியில் இருத்திப் பட்டத்தால் ஆகாயத்துக்கு ஏற்றிப் பார்த்த துணிச்சல்காரர் அவர். அந்த மகள் பத்திரமாக இறங்கி வந்தது நல்லதாயிற்று. பிற்காலத்தில் கிரிக்கெட் மன்னர் டபிள்யூ. ஜி. கிரேசுக்குத் தாயானவள் அவளே. கடலில் விழுந்தாலும் மீண்டும் எழக்கூடிய, காற்றடைத்த விளிம்புடைய பட்டத்தை பிரான்சைச் சேர்ந்த லெகைனு சகோதரர்கள் 1984இல் உருவாக்கினார்கள். ஆட்டம் உலகெங்கும் பரவ மேலும் பதினைந்து ஆண்டுகளாவது பிடித்தன.

2025ஆம் ஆண்டுப் புரட்டாசியில், சோளகம் ஓயும் தறுவாயில், ஏழு நாட்களுக்கு நாங்கள் தலைமன்னாரை அடுத்த கடற்கரைக் குடில் ஒன்றில் தங்கினோம். மருமகனின் விடுமுறை அப்போதுதான் வாய்த்தது. "சீசன் முடிகிற நேரம், காத்துக்கு உத்தரவாதமில்லை" என்று பயிற்றுநர் முன்பே எச்சரித்திருந்தார். அவர் வார்த்தை பலித்தது. முதல் இரண்டு நாட்களும் இலை அசையவில்லை. நான் 1914 முதல் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய இறங்குதுறையின் எலும்புகளைப் போய்ப் பார்த்தேன், கலங்கரை விளக்கத்தைப் பார்த்தேன், கழுதைகளைப் பார்த்தேன். மருமகன் கைபேசியில் காற்றின் முன்னறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கனடாவில் மேகம் விலகக் காத்திருந்தவன் இங்கே காற்று எழக் காத்திருந்தான். இத்தகைய பயணங்களில் பணம் கொடுத்து வாங்குவதில் பெரும்பகுதி காத்திருப்புத்தான் போலும் என்று எனக்குத் தோன்றியது. கடலோ கண்ணாடிபோல இருந்தது. வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அதை அப்போது நான் கவனித்தேனேயன்றி எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் குடிலின் ஓலைகள் சலசலத்தன. மருமகன் என்னை உலுக்கி எழுப்பினான்.

சிறு வயதில் தைமாத வாடையில் கொக்குப் பட்டமும் விண் பூட்டிய பட்டமும் ஏற்றியவன் நான். முச்சை கட்டுவதில் எங்கள் ஒழுங்கையில் எனக்கு ஒரு பெயரே இருந்தது. ஆகவே இந்த அந்நியப் பட்டம் எனக்கு அடங்கும் என்று உள்ளூர ஒரு செருக்கு. பத்துச் சதுர மீற்றர் துணி. இருபது மீற்றருக்கு மேல் நீளும் நான்கு நூல்கள். அவை வந்து சேரும் பிடிகோல். அதை இடுப்புக் கச்சையோடு இணைக்கும் கொளுக்கி. உச்சியில் நிறுத்தினால் பட்டம் சாதுவாக நிற்கும். பக்கவாட்டில் தாழ்த்தி வீசினால் காற்றின் முழு வேகமும் துணியில் இறங்கும். நம் பட்டத்தில் ஏற்றுபவன் நூலை இழுக்கிறான். இங்கே நூல் ஏற்றுபவனை இழுக்கிறது. செருக்கு அடங்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. வயிறு தண்ணீரில் உரச, மூக்காலும் வாயாலும் உப்புநீர் புக, ஐம்பது யார் தூரம் இழுபட்டேன். கரையில் நின்ற சிறுவர்கள் கைதட்டினார்கள். வாழ்நாளெல்லாம் மாணவர் தோற்றபோது நான் சொல்லி வந்த ஆறுதல் வார்த்தைகள் எவ்வளவு வெறுமையானவை என்று அன்று எனக்கு விளங்கிற்று.

நான்காம் நாள் பிற்பகல் எழுந்து நின்றேன். பட்டத்தைத் தாழ்த்த, இடுப்பு முன்னே இழுபட, முழங்கால் மடிந்தபடியே உடல் தண்ணீரைவிட்டுக் கிளம்பியது. பத்து விநாடி இருக்கலாம். பலகையின் அடியில் நீர் கிழிபடும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு விழுந்தேன். பயிற்றுநர் ஏதோ கூவினார். மருமகன் இடுப்பளவு நீரில் நின்று துள்ளினான். அன்றிரவு பேசாலை மீன்குழம்பு தொண்டையில் இறங்கியது எனக்கு நினைவில்லை.

ஐந்தாம் நாள் வந்தது தாழ்வு. தென்கரையில் அலை மிகுந்திருந்ததால் வடகரைக்குப் போனோம். அங்கே தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். தவறினால் கரைக்குக் கொண்டுவராது, பாக்குநீரிணைக்கே கொண்டுபோகும். இது தெரிந்துதான் இறங்கினேன். ஆழமில்லாத நீர், துணைக்குப் பயிற்றுநர், மீட்புக்கு ஒரு படகு என்று எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. காற்று ஒரு கணம் தொய்ந்தது. பட்டம் நீரில் விழுந்து குப்புறப் படுத்தது; நூலிரண்டு முறுக்கிக்கொண்டன. மீண்டும் எழுப்ப எத்தனை முறை முயன்றும் முடியவில்லை. கால் தரையைத் தேடியது, தரை இல்லை. மீட்புப் படகு எரிபொருளின்றிக் கரையிலேயே கிடந்தது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

மிதவைச் சட்டை இருந்ததால் மூழ்கும் பயமில்லை. வேறொரு பயம் இருந்தது. கரையிலிருந்த பனைகள் சிறுத்துக்கொண்டே போயின. 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தியதை எத்தனையோ வகுப்புகளில் நான் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நீரின் அகலத்தை உடம்பால் அறிந்தது அன்றுதான். 1964 டிசெம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புகையிரதத்தோடு கொண்டுபோன புயலும் இதே கடலைக் கடந்துதான் வந்தது என்ற நினைவும், வேண்டாத விருந்தாளியாய், அவ்வேளையில் வந்து சேர்ந்தது.

அரைமணி நேரம் கழித்து ஒரு வள்ளம் வந்தது. முன்னணியத்தில் அந்தோனியார் பெயர். எஞ்சினை அணைத்துவிட்டு, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கை நீட்டினார்.

"ஐயா, பட்டத்தை விட்டிட்டு வள்ளத்தைப் பிடியுங்கோ."

நான் விடவில்லை. அதன் விலையை முன்பே கேட்டிருந்தேன். என் பல மாத ஓய்வூதியம் அது. அவர் சிரித்துவிட்டுப் பட்டத்தையும் சேர்த்தே தூக்கிப் போட்டார். சிக்கிய நூலைக் கத்தியால் அறுத்தார். அறுத்த துண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து, "நல்ல நூல்" என்றார்.

திரும்பும் வழியில், நான் ஆசிரியன் என்று அறிந்ததும் 'ஐயா' 'மாஸ்டர்' ஆயிற்று. பேசாலைக்காரர். சோளகம் கடுமையாக இருக்கும் மாதங்களில் தென்கடலில் தொழிலில்லாததால் வடகடற்கரையில் வாடி போட்டிருப்பவர்.

"மாஸ்டருக்கு எந்தக் காத்து வேணும்?"

"பதினெட்டு, இருபது நொட் வந்தால் நல்லம் எண்டு சொல்லுகினம், அண்ணை."

"அந்தக் காத்துக்கு நாங்கள் இந்தச் சின்ன வள்ளத்தில வெளியால போறது கஷ்டம். போன ரெண்டு நாளும் உங்கட பட்டங்களைப் பாத்துக்கொண்டு வலை பொத்திக்கொண்டிருந்தனான். இண்டைக்குக் கொஞ்சம் விழுந்த மாதிரிக் கிடந்தது, இறங்கினன். உங்களைக் கண்டன்."

குற்றச்சாட்டாக அவர் இதைச் சொல்லவில்லை. காற்றின் கணக்கைச் சொன்னார். நாங்கள் கைதட்டிய மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அவருக்கு வருமானமற்ற நாட்கள். நாங்கள் சலித்துக்கொண்டு திரிந்த முதலிரு நாட்களில் அவர் கடலில் இருந்தார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. எண்ணெய்ச் செலவுக்காவது என்றேன், அதற்கும் தலையசைத்தார். பிறகு, சற்றுக் கூச்சத்தோடு, அறுத்த நூலைக் கேட்டார். மருமகன் முழுவதையும் சுற்றிக் கொடுத்தான்.

ஆறாம் நாள் காலை நான் கடலில் இறங்கவில்லை. "பயமோ மாமா?" என்றான் மருமகன். ஓம் என்றேன். தென்கரை மணலில் உட்கார்ந்து, அவன் அலையின் முகட்டிலிருந்து எழும்பி வானில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பின்னால் கரையோரம் 'தம்பபவனி' காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட முப்பது கோபுரங்கள். நூறு மெகாவாட்டுக்குச் சற்று மேல். இந்தியாவின் அதானி குழுமம் இதைவிடப் பெரியதொரு திட்டத்தோடு வந்து 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. ஆனாலும் புதிய கோபுரங்களுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக ஓகஸ்ட் தொடங்கி மன்னார் நகரில் மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். மழைநீர் ஓடும் வழி அடைபடுகிறது என்றும், மீன் கரையைவிட்டு ஒதுங்கிவிட்டது என்றும், வலசை வரும் பறவைகளுக்குக் கேடென்றும் அவர்கள் சொன்னார்கள். மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதும் மெய்யே. இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி ஒரு வார விருந்தினனுக்கு இல்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன்: என் வாடகைப் பட்டமும் ஒரு சின்னக் காற்றாலைதான்; நானும் இந்தத் தீவுக்கு அதன் காற்றை எடுக்க வந்தவன்தான்.

மாலை நான்கு மணிக்கு எழுந்து கச்சையைக் கட்டினேன். ஏன் என்று மருமகன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திராது. கரை தொடும் காற்று, இடுப்பளவு நீர். முதல் முயற்சியிலேயே பலகை எழும்பியது. இம்முறை நான் எண்ணவில்லை. கரையோரமாக ஓடிய தூரத்தை மருமகன் பின்னர் நடந்து அளந்தான், நூற்றெண்பது அடியெடுப்பு. மேலே ஒரு செம்பருந்து, எந்த நூலும் இல்லாமல், என் பட்டத்துக்கு அருகாக வந்து சற்று நேரம் நின்று விலகிப் போயிற்று. அன்றிரவு உடம்பில் நோகாத இடமில்லை. கனடாவின் நான்கு சறுக்கல்களைப் பற்றி அவனிடம் மீண்டும் கேட்டேன். இம்முறை குறுக்குக் கேள்வி போடாமல் கேட்டேன்.

ஏழாம் நாள் சோளகம் அடியோடு விழுந்துவிட்டது. வாடை எழ இன்னும் வாரங்கள் இருந்தன. மருமகன் பட்டங்களின் காற்றைத் திறந்துவிட்டு, மணலை உதறி, முகத்தை நீட்டிக்கொண்டு மடித்தான். பேருந்துக்குப் போகுமுன் வடகரைக்கு ஒரு நடை போனேன். வள்ளங்கள் யாவும் இறங்கிக்கொண்டிருந்தன. அந்தோனியார் வள்ளம் ஏற்கெனவே மார்பளவு நீரைத் தாண்டியிருந்தது. அவர் பின்னணியத்தில் நின்றபடி ஒரு கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். வள்ளத்தின் நடுவே குவிந்து கிடந்த வலையின் மிதப்புகளில் ஒன்றிரண்டு, எங்கள் பட்டத்தின் செம்மஞ்சள் நூலால் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன.