செவ்வாய்ச் சந்தை முடிந்த பிறகு

ஊரும் திரையும் – 11

நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை. விடியுமுன்பே வண்டிகளில் ஆடுகள் வந்து இறங்கிவிடும். அப்படியொரு செவ்வாய்க்கிழமை, சென்னையிலிருந்து வந்த இரவுப் பேருந்தை விட்டுத் தர்மபுரியில் இறங்கி, முதல் டவுன் பஸ் பிடித்து ஊர் சேர்ந்தேன். நாலு நாளாகக் கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்ற மறந்துபோயிருந்தது. கையில் ஆட்டுக்கயிற்றைச் சுற்றியபடி நின்ற எங்கள் தெருப் பெரியவர் அந்த அட்டையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, மெட்ராசுல வேலை கெடச்சிருச்சா?"

"இல்லீங்க மாமா. படம் பாக்கப் போயிருந்தேன். திரைப்பட விழா."

"படம் பாக்கவா நாலு நாளு? அப்படி என்னா படம், இந்தப் பக்கம் வராத படம்?"

அவர் கேட்டதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சந்தை இரைச்சலில் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வாரம் எழுதுவது அவருக்கான பதில்.

நான் போய்வந்தது சென்னை சுயாதீனத் திரைப்பட விழாவுக்கு. தமிழ் ஸ்டுடியோ அமைப்பு 2018இல் அதைத் தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்த அமைப்பின் அருணும் அவர் நண்பர்களும் குறும்படத் திரையிடல்கள், பயிற்சிப் பட்டறைகள் என்று நடத்திவந்தார்கள். படத்தொகுப்பாளர் பி. லெனின் பெயரில் விருது கொடுத்தார்கள். வடபழனியில் 'பியூர் சினிமா' என்று சினிமாவுக்கென்றே ஒரு புத்தகக் கடை வைத்தார்கள். லெனின் பெயரைத் தேர்ந்ததற்குப் பொருள் இருக்கிறது. வணிகப் படங்களில் கொடிகட்டிப் பறந்த தொகுப்பாளர் அவர். 1992இல் 'நாக் அவுட்' என்ற குறும்படத்தை எடுத்துத் தேசிய விருது வாங்கினார். குறும்படம் என்பது வாய்ப்புத் தேடுகிறவன் கையில் வைத்திருக்கும் முகவரி அட்டை என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், அதுவே முழுமையான படம் என்று செய்து காட்டினார்.

சென்னையில் அதற்கு முன்பே பெரிய விழா உண்டு. இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்தும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா அது. டிசம்பரில், இசைக் கச்சேரிகள் நடக்கும் அதே பருவத்தில் வரும். அரசு நிதி உண்டு, நட்சத்திரங்கள் வருவார்கள். அதன் தேவையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் முதல் ஈரானியப் படத்தைப் பெரிய திரையில் பார்த்தது அங்கேதான். சுயாதீன விழா கேட்கும் கேள்வி வேறு. பெரிய நிறுவனம் பின்னால் இல்லாமல், கடன் வாங்கியும் நண்பர்களிடம் திரட்டியும் எடுக்கப்பட்ட படத்துக்கு முதல் பார்வையாளர் யார்? அவரை யார் கூட்டி வருவது?

விழா நடத்துகிறவர்களின் வேலையை மேடையிலிருந்து பார்த்தால் தெரியாது. படத்தைத் தேர்ந்தெடுப்பது அதில் சிறு பங்கு. நூற்றுக்கணக்கில் வந்து குவியும் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முழுதாகப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் மூடிவிட்டால், பதினோராவது நிமிடத்தில் விழித்துக்கொள்ளும் படம் தவறிப்போகும். பிறகு இயக்குநரோடு, விற்பனை முகவரோடு கடிதப் போக்குவரத்து. திரையிடும் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். பெரிய விழாவில் முதல் திரையிடல் முடியும்வரை தர மாட்டோம் என்பார்கள், காத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு பெட்டி வரும். இப்போது ஃபிலிம் சுருள் இல்லை, டி.சி.பி. என்று சொல்லும் கோப்புத் தொகுப்பு இருக்கும் வன்தட்டு. பல படங்களுக்குப் பூட்டும் உண்டு. கே.டி.எம். என்ற மின்சாவி வந்தால்தான் அது திறக்கும். அந்தச் சாவி குறிப்பிட்ட அரங்கின் குறிப்பிட்ட கருவிக்கு, குறித்த நேரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். அரங்கை மாற்றினால் படம் திறக்காது, நேரம் தள்ளிப்போனாலும் திறக்காது. நான் ஒரு விழாவில் (ஊரும் பெயரும் வேண்டாம்) தொண்டனாக நின்றிருக்கிறேன். அரங்கம் நிறைந்து, விளக்கு அணைந்து, திரையில் நீலம் மட்டும் நாற்பது நிமிடம் நின்றது. வெளிநாட்டில் நடுச்சாமம். சாவி அனுப்ப வேண்டியவர் தூங்கிக்கொண்டிருந்தார். கூட்டம் கலையவில்லை. ஒரு கல்லூரி மாணவி எழுந்து, முந்தின நாள் பார்த்த படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மறுத்துப் பேச இன்னொருவர் எழுந்தார். சாவி வந்து படம் ஓடத் தொடங்கியபோது, "கொஞ்சம் பொறுங்க, முடிச்சிடறோம்" என்று ஒரு குரல் கேட்டது. அந்த நாற்பது நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று ஓடிய படம் அந்த அளவுக்கு நினைவில் இல்லை.

சட்டமும் இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் பொதுவில் படம் காட்டக் கூடாது. விழாக்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்குத் தரும். படப் பட்டியலையும் கதைச் சுருக்கத்தையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே பார்க்கலாம் என்பது நிபந்தனை. என் கழுத்தில் அட்டை தொங்கியதற்குக் காரணம் இதுதான் மாமா. இந்த விலக்கு ஒரு கதவு மாதிரி, அமைச்சகம் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். 2017இல் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவுக்குத் தேர்வான மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ரோகித் வெமுலா, காஷ்மீர், ஜே.என்.யு. மாணவர்கள் பற்றிய படங்கள் அவை. 2004ஆம் ஆண்டின் மும்பை ஆவணப்பட விழாவுக்கு வரும் இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழோடு வர வேண்டும் என்று விதி வந்தது. இயக்குநர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள், விதி திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கூர்மையான பல படங்கள் தேர்வில் கழிக்கப்பட்டன. உடனே அவர்கள் அதே நாட்களில், அதே நகரத்தில் 'விகல்ப்' என்ற மாற்று விழாவை நடத்தினார்கள். சுயாதீனம் என்ற சொல்லுக்கு நான் வைத்திருக்கும் பொருள் அங்கிருந்து வருகிறது. எந்தப் படம் என்பதை விழா நடத்துகிறவர் முடிவு செய்ய வேண்டும், பணம் கொடுப்பவர் அல்ல, கதவில் நிற்பவரும் அல்ல.

அப்படியானால் பணத்துக்கு என்ன செய்வது? இதற்கு நம் பக்கத்து மாநிலத்தில் ஒரு பதில் கிடைத்தது. 1984இல் கோழிக்கோட்டில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 'ஒடேசா' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டம்கின்' படத்தில் வரும் படிக்கட்டு நகரத்தின் பெயர். 16 மி.மீ. புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் கொடுத்த சில்லறையைச் சேர்த்து 1986இல் 'அம்ம அறியான்' படம் எடுத்தார்கள். தயாரிப்பாளர் ஊர்மக்கள். சென்ற வாரம் எழுதிய சாமிக்கண்ணு வின்சென்ட்டை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1905இல் திருச்சியில் பிரெஞ்சுக்காரர் டூபாண்டிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, ரயில்வே வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பியவர் அவர். படம் ஊருக்குப் போவது நமக்குப் புதிதல்ல. தொழிலாகத் தொடங்கிய அந்தப் பயணத்தை ஜான் இயக்கமாக்கினார்.

மதுரையில் ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி. 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறார். நகரத்தின் கல்லூரிகளுக்குள் படத்தைக் கொண்டுபோகிறார். கோவையில் 'கோணங்கள்' திரைப்படக் கழகம் இருக்கிறது. 2022இல் புதுக்கோட்டையில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் உலகத் திரைப்பட விழா நடத்தியது. தர்மபுரி மாவட்டத்தில் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டம் வருகிறது. படத்துக்கும் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. விழாவில் காட்டும் அயல்மொழிப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஓடுவது ஆங்கிலம். எனக்கே சில இடங்களில் எழுத்தைத் துரத்திக்கொண்டு ஓடியதில் முகம் தவறிவிடுகிறது. சந்தையில் ஆடு பிடித்து நிற்கும் மாமாவை அழைத்துப்போனால் அவர் எதைப் படிப்பார்? படம் எவ்வளவு சுயாதீனமாக இருந்தாலும், அதற்கு அடியில் தமிழ் ஓடாதவரை அது நகரத்துப் படித்தவர்களின் சொத்தாகவே இருக்கும். 'கூழாங்கல்' நம் மொழிப் படம். பி.எஸ். வினோத்ராஜ் மேலூர்ப் பக்கத்து வெயிலில் எடுத்தார். 2021இல் ரோட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கியது, அவ்விழாவின் 50ஆம் ஆண்டில். டச்சுக்காரர்கள் எழுத்தைப் படித்துப் பார்த்த அந்தப் படம், நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வராமல் 2023 அக்டோபரில் நேராக ஓடிடிக்குப் போனது. அப்பனும் மகனும் நடக்கும் அந்தப் பொட்டல் காட்டைப் பார்த்தால் தொப்பூர்ப் பக்கத்து ஆள் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும். கேட்க ஆள் இல்லை.

அதே ரோட்டர்டாம் விழா 1972இல் தொடங்கியபோது முதல் நாள் இரவு வந்தவர்கள் 17 பேர். விழாவைத் தொடங்கிய ஹூபர்ட் பால்ஸ் மறுநாளும் திரையைத் தொங்கவிட்டார். இன்று அவர் பெயரில் இருக்கும் நிதி, உலகெங்கும் காசில்லாமல் படம் எடுப்பவர்களுக்கு உதவுகிறது.

அந்த 17 தந்த துணிச்சலில், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை முடிந்த பிறகு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினேன். நண்பர் ஒருவரின் புரொஜெக்டர், பந்தல்கடை நாற்காலிகள். தெரிந்தவர்களை மட்டும் அழைத்தேன். 23 பேர் வந்தார்கள். மாமாவும் வந்தார், ஆடு விற்ற பணத்தை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு.

காட்டியது 'தி கிட்'. 1921இல் வந்த மௌனப்படம் என்பதால் வசனம் இல்லை, நடுநடுவே எழுத்து அட்டைகள் மட்டும். மௌனப்பட காலத்தில் அரங்கில் ஒருவர் நின்று கதை சொல்வார் என்பார்களே, அப்படி நானே திரைக்குப் பக்கத்தில் நின்று, முதல் நாள் தமிழில் எழுதி வைத்ததை உரக்கப் படித்தேன். பையன் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைக்க, பின்னாலேயே கண்ணாடி மாட்டுகிறவராக சாப்ளின் வரும்போது குழந்தைகள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் இடத்தில் மாமா கயிறு பிடிக்கும் கையை இறுக்கி மூடியிருந்ததைப் பார்த்தேன்.

படம் முடிந்ததும், "ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்றேன். சென்னை விழாக்களில் படத்துக்குப் பிறகு பேசுவதைப் பார்த்துப் பழகியிருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி வரிசையில் இருந்த ஒரு பாட்டி, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், வாய் திறந்தார்.

"மொதல்ல அந்தப் பொண்ணு புள்ளையக் கார்ல வெச்சிட்டுப் போறால்ல. விட்டுட்டுப் போயிட்டாள்னு படிச்சியே கண்ணு."

"ஆமாங்க ஆயா."

"அது விட்டுட்டுப் போறதா? நல்லா வளக்கறவங்க வீட்டுக் காராப் பாத்துத்தானே வெக்கிறா? திரும்ப ஓடி வர்றா, கார் இல்ல. மயங்கி விழறா. இதுக்கா அந்தப் பேரு?"

மாடியில் ஒரு சத்தம் இல்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் காட்சிக்கு உரை எழுத வேண்டியதில்லை. வளர்க்க முடியாத பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுவிடலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. 2001இல் தர்மபுரிக்கும் வந்தது. பிறந்தது பெண் என்பதற்காக என்ன நடந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குக் குழந்தை போனது என்று இங்குள்ள வயதான பெண்களுக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டார்கள். அன்று பாட்டி சொன்னார். பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், ஒரு தாய் தொட்டில் வரை போய்த் திரும்பி வந்ததை, மறுநாள் மறுபடி போனதைச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். லண்டனில் வறுமையில் வளர்ந்த ஒருவர் நூறாண்டுக்கு முன் அமெரிக்காவில் எடுத்த படம். நான் பத்து முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அந்த முதல் காட்சியில் ஒரு தாயின் கணக்கு இருப்பதை அன்றுவரை நான் கண்டதில்லை.

மாமா எழுந்து போகும்போது, "இதுக்குத்தான் மெட்ராசு போனியா?" என்று கேட்டார்.

பதினோரு மணிக்கு நாற்காலிகளை அடுக்கிவிட்டு, மொழிபெயர்த்து வைத்திருந்த தாளை எடுத்தேன். 'விட்டுவிட்டுப் போனாள்' என்பதை அடித்தேன். அதற்கு மேலே 'ஒப்படைத்துவிட்டுப் போனாள்' என்று எழுதினேன்.

(தொடரும்)